முதல் பையும் என் மனைவியின் கையும்

டாக்டர், உங்கள் ஆட்கள் செய்த தப்பை என் மனைவியின் கைமேல் போட்டவர் நீங்கள்.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதாதே என்று மகள் சொல்லிவிட்டாள். உங்கள் பெயர் இங்கே தேவையும் இல்லை. என் பெயரை என்ன செய்தீர்கள் என்பதுதான் பேச்சு. உங்களுக்கு எல்லாம் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அதில் டாக்டர் என்று வருகிறவர் நீங்கள்தான்.

என் பெயர் குணசேகரன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில் வீடு. செனாய்ப் பக்கம் இருக்கும் பேக்டரிகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவி ஜெயந்தி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். ஒரே மகள் ஷாமினி, விடிவதற்குள் கிளம்பிப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள்.

ஒருநாள் முகம் மழிக்கும்போது கழுத்தில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லை. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி பெரிதானது. அக்குளில் இன்னொன்று வந்தது. தூங்கி எழுந்தால் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். ஜெயந்தி கூரையில் சுற்றும் காற்றாடியைத்தான் குறை சொன்னாள். கடைசியில் கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பார்த்தார்கள். லிம்போமா என்றார்கள். நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு வகை கெட்டுப்போய், நிறுத்தத் தெரியாமல் பெருகும் புற்றுநோய் அது.

கீமோ போட்டார்கள். முடி போனது, கட்டி போனது, சில மாதத்தில் கட்டி மட்டும் திரும்பி வந்தது. வேறு கீமோ போட்டார்கள். அதுவும் அப்படியே. இரண்டாவது கீமோவில் பாதங்கள் மரத்துப்போயின. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்று காலுக்குத் தெரியாதவன் பஸ் ஓட்ட முடியாது. வேலை போனது.

காத்திருக்கும் அறையைப் பற்றிப் பலர் நல்லபடியாக எழுதுகிறார்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்கிறார்களாம். நான் பார்த்தது வேறு. ஒருவர் பெயரைக் கூப்பிட்டால் மற்றவர்கள் முறைப்பார்கள். நாற்காலியில் பையை வைத்து இடம் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனாவது கட்டம் தம்பி?" என்று லாட்டரி நம்பர் கேட்கிற மாதிரிக் கேட்டார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவரே சொன்னார்: "நான் நாலு லா. இன்னும் சாவல."

அப்போதுதான் டாக்டர் இந்தப் புதிய வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். அவரும் தமிழர்தான். எங்களிடம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவார், முக்கியமான இடத்தில் தமிழுக்கு வருவார். அன்று தமிழிலேயே பேசினார். நன்றாகத்தான் விளக்கினார், அதை மறைக்க மாட்டேன்.

உடம்பில் டி செல் என்று ஒரு காவல்கார அணு இருக்கிறது. என் புற்றுநோய் அணுவைப் பார்த்தாலும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஆகவே என் ரத்தத்திலிருந்து அந்தக் காவல்காரர்களைப் பிரித்து எடுப்பார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே இருப்பவர்கள் மரபணுப் பொறியாளர்கள். நோய் தரும் சக்தியைப் பிடுங்கிவிட்ட ஒரு வைரஸுக்குள் ஒரு புதிய மரபணுவை வைத்து, என் அணுவுக்குள் செலுத்துவார்கள். மரபணு என்பது அணு படித்து வேலை செய்யும் கட்டளை. அந்தப் புதிய கட்டளையைப் படித்த அணு தன் மேல்தோலில் ஒரு கொக்கியை முளைக்க வைத்துக்கொள்ளும். அந்தக் கொக்கி புற்றுநோய் அணுவில் சரியாக மாட்டும். மாட்டினால் கொன்றுவிடும். இப்படி மாற்றிய அணுக்களைப் பெருக்கி, உறைய வைத்து, ஒரு சின்னப் பையில் திருப்பி அனுப்புவார்கள்.

"என்னோட அணுவே எனக்கு மருந்தா?" என்று கேட்டேன்.

"ஆமா மிஸ்டர் குணா. உங்களுக்கு மட்டும்தான். வேற யாருக்கும் குடுக்க முடியாது. வேற யாரோடதும் உங்களுக்குக் குடுக்க முடியாது."

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்குக் காசு இல்லை, ஆராய்ச்சித் திட்டம் பார்த்துக்கொள்ளும். படுக்கைக்கும் மற்ற மருந்துக்கும் நாங்கள் கட்ட வேண்டும். ஜெயந்தியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டாள். இதற்குமேல் காசைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பேச ஆரம்பித்தால் வேறு கோபம் வந்துவிடும்.

கையெழுத்து வாங்க அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பெண் ஒருத்தி வந்தாள். கதவைத் திறந்ததும், "மிஸ்டர் பெருமாள்?" என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் ஜெயந்தியைப் பார்த்தேன்.

"பெருமாள் எங்க அப்பா. அவரு போய்ச் சேந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அவர எங்கேருந்து கூட்டிட்டு வர்றது?" என்றேன். ஷாமினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் ஊர் அடையாள அட்டையில் முதலில் நம் பெயர், பிறகு ஏ/எல், அதாவது இன்னாருடைய மகன், அதற்குப் பிறகு அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று எங்களுக்கு ஒன்று கிடையாது. கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

டாக்டர் அங்கேதான் நின்றிருந்தார். சிரித்தார். "எனக்கும் இதே கதைதான். ஏர்போர்ட்டுக்குப் போனா எங்க அப்பாவத்தான் கூப்பிடுவாங்க," என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அணுக்களை எடுத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் போகும், வேண்டியதைப் பிரித்துக்கொண்டு மற்ற கை வழியாகத் திருப்பி விடும். உதடு மரத்துப்போகும், கால்சியம் கொடுப்பார்கள். நாள் முழுக்க இரண்டு கையையும் மடக்க முடியாது. மூக்கு அரித்தால் ஜெயந்திதான் சொறிந்துவிட்டாள். "இன்னும் மேல. அங்க இல்ல," என்று அவளை விரட்டிக்கொண்டே இருந்தேன். "உங்க மூக்குக்கு ஒரு மேப் வேணும்," என்றாள்.

பிறகு காத்திருப்பு. கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. விழுங்கும்போது தொண்டையில் இடித்தது. பை முந்துமா கட்டி முந்துமா என்பதுதான் எங்கள் வீட்டில் ஒரே கேள்வி. ஒருவழியாகப் பை வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக் குளிர்க்கிடங்கில் பத்திரமாக இருக்கிறது என்று போன் வந்தது. ஷாமினி வேலை இடத்தில் அழுதுவிட்டாளாம்.

என்னைச் சேர்த்தார்கள். புது அணுக்களுக்கு இடம் வேண்டும் என்று முதலில் மருந்து ஏற்றி உள்ளே இருக்கிற பழைய வெள்ளை அணுக்களைக் காலி செய்வார்கள். அந்த நாட்களில் ஒரு சளிகூட ஆளைக் கொன்றுவிடும். காலி செய்தார்கள். பை ஏற்றும் நாள் வந்தது.

ஒரு வெள்ளித் தொட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து நடைபாதையில் கொண்டுவந்தார்கள். மூடியின் ஓரத்தில் புகை மாதிரிக் குளிர் வழிந்தது. என் அறை வாசலில் வண்டி நின்றது. ஜெயந்தி காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். முந்தானையில் முடிந்திருந்த திருநீறை எடுத்து, அந்த மூடியின் மேல் கட்டைவிரலால் ஒரு கீற்று இழுத்தாள். புது லோரி வாங்கினாலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். வண்டி தள்ளியவர் தடுக்கவில்லை. டாக்டர் பார்த்துப் புன்னகைத்தார்.

தொட்டி உள்ளே வந்தது. திறந்தார்கள். நர்சுகள் எதையோ படித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டாக்டரைக் கூப்பிட்டார்கள். தொட்டி வெளியே போய்விட்டது.

வெகுநேரம் கழித்து டாக்டர் வந்தார். "சாரி மிஸ்டர் குணா. செல்ஸ் நல்லா இல்ல. கீமோ நிறைய பாத்த உடம்பு. உங்க செல்லுக்குத் தெம்பு இல்ல," என்றார்.

ஜெயந்தி அவர் பின்னாலேயே ஓடினாள். கதவு மூடவில்லை, எனக்குக் கேட்டது.

"டாக்டர், நான் கை வெச்சதாலயா?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு விநாடி யோசித்தார். பிறகு சொன்னார்: "நெக்ஸ்ட் டைம் தொடாதீங்கம்மா."

அவ்வளவுதான். அந்த ஒரு வரி போதும், டாக்டர். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

காலி செய்த உடம்பில் நுரையீரல் காய்ச்சல் வந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஜெயந்தி தினமும் வந்தாள். ஆனால் என்னைத் தொடவில்லை. தண்ணீரைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். கஞ்சியை ஷாமினி வேலை முடிந்து வந்து ஊட்டும்வரை மூடி வைத்திருப்பாள். நெற்றியில் திருநீறு இல்லை. கிருமி பயம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கேட்டேன்.

"என்னா ஜெயந்தி, நான் என்ன தீட்டா?"

"நீங்க இல்ல. என் கைதான்," என்றாள்.

திட்டினேன். "பைத்தியமா ஒனக்கு? இரும்புத் தொட்டிமேல விரல் வெச்சா உள்ள இருக்கிறது செத்துப் போயிடுமா?"

"டாக்டரே சொன்னாரே. நீங்க என்ன டாக்டரா? பஸ் டிரைவர்தானே."

காய்ச்சல் தணிந்தது. மறுபடி அதே மெஷின், மறுபடி அணு எடுத்தார்கள், மறுபடி காத்திருப்பு. கட்டி மூச்சுக் குழாயை நெருக்க ஆரம்பித்ததால் இடையில் இன்னொரு மருந்து போட்டார்கள். அதில் வலது காது கேட்காமல் போனது. இரண்டாவது பை வந்தது. மறுபடி உடம்பைக் காலி செய்தார்கள். வெள்ளித் தொட்டி நடைபாதையில் வந்தபோது, ஜெயந்தி சுவரோடு ஒட்டி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி.

இரண்டு நர்சுகள் பையைத் தூக்கிப் பிடித்து, என் மணிக்கட்டுப் பட்டையோடு ஒவ்வோர் எழுத்தாகச் சத்தம்போட்டுப் படித்துப் பார்த்தார்கள். அதில் ஒருவர் மூச்சை விட்டுவிட்டு மற்றவரிடம் மலாயில் சொன்னார்: "காலி நி நாமா பெத்துல்."

இந்தத் தடவை பெயர் சரி.

எனக்கு ஒரு காதுதான் கேட்கும். ஆனால் அந்தக் காது அவர்கள் பக்கம்தான் இருந்தது. இந்தத் தடவை என்றால், போன தடவை?

கேட்க வாய் திறப்பதற்குள் பை ஏறிவிட்டது. ஒரு கிளாஸ் தண்ணீர்கூட இருக்காது அதில். பூண்டு வேகிற மாதிரி வாயில் ஒரு வாடை வந்தது. அது அணுக்களை உறைய வைக்கும் மருந்தின் வாடையாம். சில நாளில் காய்ச்சல் கொளுத்தியது. புது அணுக்கள் சண்டையை ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம், நல்லதுதான், ஆனால் அளவு மீறினால் ஆள் போய்விடுவான் என்றார்கள். மூளை குழம்பவும் வாய்ப்பு உண்டு. அதற்காகத் தினமும் ஒரு சோதனை: பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். கையெழுத்து கோணினால் மூளையில் வீக்கம்.

நான் தமிழில் எழுதினேன். முதல் நாளிலிருந்து ஒரே வாக்கியம்தான்: முதல் பைக்கு என்ன ஆயிற்று?

மலாய் நர்சும் சீன நர்சும் "நல்ல எழுத்து" என்று பைலில் செருகினார்கள். ஒருநாள் தமிழ் நர்ஸ் ஒருத்தி வந்தாள். படித்தாள். முகம் மாறியது.

"அண்ணே, வேற ஏதாச்சும் எழுதுங்கண்ணே. பசியாறிட்டேன்னு எழுதுங்க."

"பசியாறலயே."

"அலமாக், சும்மா எழுதுங்கண்ணே. என்னை மாட்டி விட்றாதீங்க."

பிறகு மூளையும் குழம்பியது. அந்த நாட்கள் எனக்கு ஞாபகம் இல்லை. ஷாமினி சொன்னதுதான். என்ன பேர் என்று கேட்டதற்கு நான் "பெருமாள்" என்றேனாம். எத்தனை முறை கேட்டாலும் பெருமாள்தானாம். நர்சுகள் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார்களாம். நான் அப்பா பெயரைச் சொன்னது மூளைக் கோளாறு. உடனே ஊசி போட வேண்டிய அவசரம். அதே பெயரை அவர்கள் என் முதல் பை மேல் ஒட்டியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது, அது மட்டும் சாதாரணக் குளறுபடி.

பிழைத்துவிட்டேன். கட்டி கரைந்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு நாட்டில், யாரோ சிலர் என் அணுவுக்குள் ஒரு கட்டளையை எழுதினார்கள். அது சொன்னபடி வேலை செய்தது. அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கும்பிடுகிறேன். அணுவுக்குள் இருப்பதை மாற்றி எழுதத் தெரிந்த உலகத்தில், பைக்கு வெளியே ஒரு மனிதன் பெயரைச் சரியாக எழுத ஆள் இல்லை.

வீட்டுக்கு விடும் நாளில் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். முதலில் ஆங்கிலத்தில் சுற்றினார். நான் விடவில்லை. பிறகு தமிழுக்கு வந்தார்.

"பையில பெருமாள்னு இருந்துச்சு. உங்க பேருக்கு முன்னால ஒரே ஒரு இனிஷியல்தான் இருந்துச்சு. எப்படிக் குடுக்கிறது? கம்பெனி சரிபாக்கத் திருப்பி அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினோம். அப்புறம் அத யூஸ் பண்ண முடியாதுன்னுட்டாங்க."

"பை வந்து அத்தன நாள் உங்க கிடங்குலதானே இருந்துச்சு? ஒடம்பக் காலி பண்றதுக்கு முன்னாடி ஒருத்தரும் பேரப் படிக்கலயா?"

என் பைலை மூடி ஓரமாக வைத்தார்.

"அப்ப என் செல்லுக்குத் தெம்பு இல்லன்னு சொன்னது?"

"மிஸ்டர் குணா, இது வெளிய போனா என்ன ஆகும்? ஜீன் வைத்தியம்னாலே நம்ம ஜனங்க பயப்படுறாங்க. ஒரு பேப்பர்ல வந்தாப் போதும், திட்டமே நின்னு போயிடும். உங்கள மாதிரி எத்தன பேர் வரிசையில இருக்காங்க, தெரியுமா?"

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வரிசையில் நின்றவன் நான். பெயர் பொருந்தாத பையை எனக்கு ஏற்றாததும் சரிதான், அது வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் செத்திருப்பேன். அதற்கு நன்றி. ஆனால் வரிசையைக் காப்பாற்ற ஜெயந்தியின் கைதான் கிடைத்ததா?

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாம் சொன்னேன். சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"என்னைச் சமாதானப்படுத்தத்தான் இப்படிச் சொல்றீங்க."

"சத்தியமாடி. அவரே ஒத்துக்கிட்டாரு."

"உங்ககிட்டதானே ஒத்துக்கிட்டாரு. என்கிட்ட தொடாதீங்கன்னுதானே சொன்னாரு." தண்ணீர்க் குழாயை மூடினாள். "அவரு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

மறுபடி உங்களிடம் வந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "அது இப்ப எதுக்கு?" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அப்போதும் நான் எழுதவில்லை. உயிர் கொடுத்த இடம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நாங்கள் மூவரும் பரிசோதனைக்கு வந்தபோது கவிதாவைப் பார்த்தேன். தெப்ராவில் ஒரு போன் கடையில் வேலை செய்கிற பெண், ஷாமினியைவிடச் சின்னவள். என் நோய்தான். அவளுடைய அணுக்களும் அதே கம்பெனிக்குப் போயிருக்கின்றன. தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அங்கிள், அந்தக் கம்பெனிக்காரங்க என்னை மிஸ் முனியாண்டின்னு கூப்புடுறாங்க! எங்கப்பாவுக்குப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கு. செம காமெடி லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் மாறினால் என்ன ஆகும் என்று ஷாமினியை விட்டுக் கவிதாவுக்கு அங்கேயே விளக்கச் சொன்னேன். கவுண்டரில் போய்ச் சத்தம் போட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது கவிதாவின் அம்மா ஜெயந்தியிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அக்கா, மருந்துப் பை வரும்போது கொஞ்சம் திருநீறு வெக்கலாமா? தப்பில்லயே?"

ஜெயந்தி அந்தம்மாவின் கையைப் பார்த்தாள். "வேணாம்மா. தொட்டுறாதீங்க. நான் தொட்டுத்தான் இவருக்குக் கெட்டுப் போச்சு," என்றாள்.

அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டாக்டர், அடுத்த மாதம் ஜொகூர் பாருவில் மண்டபம் எடுத்து, மரபணு வைத்தியம் பற்றி நம் மக்களுக்குத் தமிழிலேயே பேசப் போகிறீர்கள். பிழைத்தவன் என்று காட்ட என்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வருகிறேன். மேடையில் நிற்கிறேன், காட்டுங்கள். ஆனால் மைக் உங்கள் கையில் இருக்கும்போது, அத்தனை பேர் முன்னால், இரண்டு விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கவிதாவின் பை மேல் கவிதா என்று இருக்கிறதா? அவள் உடம்பைக் காலி செய்வதற்கு முன்னால் அதை யார் படித்துப் பார்த்தார்கள்?

என் முதல் பை எதனால் திரும்பிப் போனது?

ஜெயந்தி முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கையை மடியில் மறைத்து வைத்திருப்பாள். அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.